ஆற்று வடிநிலத்தில் பசுமை வேளாண்மை: ஓர் எளிய அறிமுகம்

2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் டொலீடோ நகரிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்த ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு, குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்ற அறிவிப்பு வந்தது. காய்ச்சிக் குடிக்கவும் கூடாது என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகிக் குறையுமே தவிர, அதிலிருந்த நஞ்சு குறையாது. அந்நகரம் ஈரி ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கிறது. அந்தக் கோடையில் ஏரியில் நீலப்பச்சைப்பாசி பெருகி, அது உண்டாக்கிய மைக்ரோசிஸ்டின் என்ற நச்சுப்பொருள் சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி வந்துவிட்டது. தடை நீங்க ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆயின.

அந்தப் பாசிக்கு உணவானது பாஸ்பரஸ். அதில் பெரும்பகுதி, ஈரி ஏரியில் கலக்கும் மௌமி ஆறு வடித்துக்கொண்டு வரும் விளைநிலங்களிலிருந்து வந்தது. இதில் எந்தத் தொழிற்சாலையின் கழிவுக் குழாயும் உடையவில்லை. தவறு செய்தவர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்டவும் இயலாது. ஆயிரக்கணக்கான பண்ணைகளில் இட்ட உரத்திலிருந்தும் எருவிலிருந்தும், உழவரின் வரவுசெலவுக் கணக்கில் தெரியாத அளவுக்குச் சிறு பங்கு ஒவ்வொரு மழைக்கும் கரைந்து வெளியேறியது. தனித்தனியே அற்பமான அந்த இழப்புகள் அனைத்தும் ஒரே ஏரியில் போய்ச் சேர்ந்தன. ஆற்று வடிநிலத்தில் வேளாண்மையைப் பசுமையாக்குவது என்ற பேச்சு எங்கே தொடங்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

வடிநிலம் என்றால் என்ன?

ஓர் ஆற்றுக்கும் அதன் துணையாறுகளுக்கும் நீரை அனுப்பும் நிலப்பரப்பு முழுவதும் அந்த ஆற்றின் வடிநிலம் ஆகும். அதன் எல்லையை நாடுகளோ மாவட்டங்களோ வகுப்பதில்லை, மேடுகள் வகுக்கின்றன. ஒரு முகட்டின் இப்பக்கம் விழும் மழை ஓர் ஆற்றுக்கும், அப்பக்கம் விழும் மழை வேறோர் ஆற்றுக்கும் செல்லுமானால், அந்த முகட்டை நீர்ப்பிரிமேடு என்கிறோம். பெரிய வடிநிலத்துக்குள் சிறிய வடிநிலங்கள் அடுக்கடுக்காக அடங்கியிருக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி வடிநிலம் ஏறத்தாழ 32 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்தது. அதற்குள் ஓடைக்கு ஓடை என்று எண்ணற்ற சிறு வடிநிலங்கள் உள்ளன. நிலத்தடியில் ஓடும் நீரின் எல்லை மேலே தெரியும் எல்லையோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதையும் இங்கேயே நினைவில் கொள்வது நல்லது.

உலகில் மனிதர்கள் ஆறுகளிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு வேளாண்மைக்குச் செல்கிறது. ஆகவே ஆற்றின் நலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் உழவைத் தவிர்த்துப் பேச முடியாது. உழவைப் பற்றிப் பேசுகிறவர்களோ பெரும்பாலும் ஒரு வயலை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே மண் நலமாக இருக்கிறதா, நீர் மிச்சமாகிறதா, நஞ்சு குறைகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் கேள்விகள் தேவையானவையே. ஆனால் ஒரு வயலுக்கு நன்மையாகத் தெரிவது, வடிநிலத்தின் கணக்கில் நன்மையாக இல்லாமல் போகலாம். இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டைத்தான் விளக்க முயல்கிறது.

சத்துகள் எப்படித் தப்பிச் செல்கின்றன?

உலகெங்கும் பயிர்களுக்கு இடப்படும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது; ஒரு பகுதி நீரில் கரைந்து இறங்குகிறது. காற்றில் கலப்பவற்றுள் ஒன்றான நைட்ரஸ் ஆக்சைடு, நூறு ஆண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடாக்கக் கூடியது.

நீரோடு போகும் சத்துகளில் தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும், ஒன்றுக்கொன்று வேறான வழிகளில் தப்பிக்கின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் தீர்வு தேடினால், ஒன்றைத் தடுத்துவிட்டு மற்றொன்றைத் தவறவிடுவோம். தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறியபின் நீரில் எளிதில் கரைந்துவிடுகிறது. களிமண் துகள்களும் நைட்ரேட்டும் இரண்டுமே எதிர்மறை (நெகட்டிவ்) மின்னூட்டம் கொண்டு ஒன்றையொன்று விலக்குவதால், மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. வேருக்குக் கீழே இறங்கிய நைட்ரேட், நிலத்தடி நீர் வழியாகவோ நிலத்தடியில் பதித்த வடிகால் குழாய்கள் வழியாகவோ ஓசையின்றி ஆற்றை அடைகிறது. பாஸ்பரஸ் பெரும்பாலும் மண் துகளோடு ஒட்டிக்கொள்வது. மண் அரித்துச் செல்லும்போது கூடவே செல்வது. எனவே பாஸ்பரஸைத் தடுக்க முதலில் மண்ணைத் தடுக்க வேண்டும். நைட்ரேட்டைத் தடுக்கவோ, அறுவடை முடிந்து நிலம் வெறுமனே கிடக்கும் நாட்களிலும் அங்கே உயிருள்ள வேர்கள் இருக்க வேண்டும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மண்ணரிப்பைக் குறைக்க உழவில்லா முறைக்கு மாறிய நிலத்தில், பழக்கம் மாறாமல் உரத்தை மேலே தூவிக்கொண்டே இருந்தால், மேல்மண்ணின் ஓரிரு அங்குலத்தில் பாஸ்பரஸ் குவிந்துவிடும். மண் போவது குறைந்தாலும், அந்தப் பாஸ்பரஸ் கரைந்த வடிவில் மழைநீரோடு வெளியேறும். பாசிக்கோ கரைந்த பாஸ்பரஸ்தான் மிக எளிதில் கிடைக்கும் உணவு. ஈரி ஏரியின் சிக்கலுக்குச் சொல்லப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று. உரத்தை மண்ணுக்குள், விதையின் அருகில் இட்டால் இந்த இழப்பு பெரிதும் குறையும்.

தப்பிய சத்து கடலுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை மெக்சிகோ வளைகுடா காட்டுகிறது. மிசிசிப்பி கொண்டுவந்து சேர்க்கும் சத்தால் கடலில் பாசி பெருகுகிறது. அது மடிந்து அடியில் படியும்போது, அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. நகரக்கூடிய மீன்கள் விலகிப்போகின்றன; நகர முடியாத உயிர்கள் மடிகின்றன. ஒவ்வொரு கோடையிலும் உருவாகும் இந்த மரண வலயம், 2017ஆம் ஆண்டில் ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விரிந்தது. அளவெடுக்கத் தொடங்கிய நாள் முதல் பதிவானவற்றுள் அதுவே மிகப் பெரியது. அந்தக் கடலோர மீனவரின் வலை வெறுமையாக வருவதற்கும், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மக்காச்சோள வயலில் தேவைக்கு மேல் இட்ட உரத்துக்கும் உள்ள தொடர்பை, வடிநிலம் என்ற கருத்து இல்லாமல் காணவே முடியாது.

இதற்கான மருந்துகள் பெரும்பாலும் தெரிந்தவைதாம். மண்ணைச் சோதித்து அதற்கேற்ற அளவில் உரமிடுவது, மொத்தமாகக் கொட்டாமல் பயிரின் பருவத்துக்கேற்பப் பிரித்து இடுவது, கனமழை வரவிருக்கும் நாளில் உரத்தைத் தவிர்ப்பது, பயிர்ச்சுழற்சியில் பயறு வகைகளைச் சேர்ப்பது, பருவங்களுக்கு இடையே நிலத்தை வெறுமையாக விடாமல் மூடுபயிர் வளர்ப்பது ஆகியவை வயலுக்குள் செய்ய வேண்டியவை. ஆனால் எவ்வளவு கவனமாக உழவு செய்தாலும் ஓரளவு இழப்பு இருக்கவே செய்யும். அதைப் பிடிக்க, வயலுக்கும் ஓடைக்கும் இடையே ஏதாவது ஒன்று நிற்க வேண்டும்.

அந்த ஏதாவது ஒன்று, ஓடைக்கரையில் வளரும் மரங்களும் புற்களுமாக இருக்கலாம். வடிகால் நீர் தேங்கி மெதுவாகக் கடக்கும் ஒரு சிறு ஈரநிலமாகவும் இருக்கலாம். ஈரநிலத்தின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால், அங்குள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாகக் காற்றுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2007 முதல் நடந்துவரும் ஓர் ஆய்வு எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது. மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சரிவுகளில், நிலத்தில் 10 விழுக்காட்டை மட்டும் எடுத்து, சரிவுக்குக் குறுக்கே பட்டைகளாக அப்பகுதியின் இயற்கைப் புல்வெளித் தாவரங்களை வளர்த்தார்கள். நீரோடு வெளியேறும் மண் ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்தது. பத்தில் ஒரு பங்கு நிலத்தைக் கொடுத்து, அதைவிடப் பல மடங்கு பயன் பெற்றதன் காரணம் அதை எங்கே கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. வடிநிலத்தில் எல்லா இடமும் ஒரே அளவில் சத்தை இழப்பதில்லை. சரிவு மிகுந்த, ஓடையை ஒட்டிய, நீர் கூடிப் பாயும் சிறு பகுதிகளே பெரும் இழப்புக்குக் காரணமாகின்றன. அவற்றைக் கண்டறிந்து அங்கே முதலில் வேலை செய்வதுதான் அறிவுடைமை.

பூச்சிக்கொல்லியைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். இந்தோனேசியா 1986ஆம் ஆண்டில் நெற்பயிருக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. அந்த மருந்துகள் புகையான் பூச்சியை உண்ணும் சிலந்திகளையும் பிற இரைவிழுங்கிகளையும் கொன்று, பூச்சியைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிட்டிருந்தன. வயலில் குறைத்த நஞ்சு அப்படியே ஆற்றிலும் குறையும். இங்கே வயலின் கணக்கும் வடிநிலத்தின் கணக்கும் முரண்படுவதில்லை.

மண்ணும் மரமும்

சீனாவின் மஞ்சள் ஆற்றுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது, அதன் நடுப்பகுதியில் உள்ள லோயஸ் பீடபூமியின் வண்டல். காற்று கொண்டுவந்து குவித்த மென்மையான அந்த மண், சரிவுகளில் நூற்றாண்டுகளாக நடந்த உழவாலும் மேய்ச்சலாலும் கரைந்து ஆற்றில் சேர்ந்தது. ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டலை அந்த ஆறு சுமந்தது. 1990களிலிருந்து அங்கே சரிவுகள் படிக்கட்டு வயல்களாக்கப்பட்டன; கட்டற்ற மேய்ச்சல் நிறுத்தப்பட்டது; செங்குத்தான சரிவுகளில் பயிரிடுவதைக் கைவிட்ட குடும்பங்களுக்கு, 1999இல் தொடங்கிய திட்டத்தின் வழியாகத் தானியமும் பணமும் ஈடாக வழங்கப்பட்டன. மலைகள் பசுமையாயின. ஆற்றின் வண்டல் பல மடங்கு குறைந்தது. அதில் அணைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் மழை குறைந்த அந்தப் பகுதியில் அடர்த்தியாக நட்ட மரங்கள் மண்ணின் ஈரத்தைப் பெருமளவில் உறிஞ்சின. பல சரிவுகளிலிருந்து ஆற்றுக்கு வரும் நீரும் குறைந்தது. கண்ணுக்குப் பசுமையாகத் தெரிவதெல்லாம் ஆற்றுக்கு நல்லது என்று கொள்ள முடியாது என்பதற்கு இது ஒரு முக்கியமான பாடம். வறண்ட மேட்டில் மரத்தைவிடப் புல்லும் புதரும் பொருத்தமாக இருக்கக்கூடும்.

மிச்சப்படுத்திய நீர் எங்கே போகிறது?

புதிதாக இதைப் படிக்கத் தொடங்குபவர்களை மிகவும் வியக்க வைக்கும் பகுதி இதுதான். இதை நிதானமாக விளக்க விரும்புகிறேன்.

வாய்க்கால் பாசனம் செய்யும் ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். அது ஆற்றிலிருந்து 100 பங்கு நீர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயிர் 60 பங்கை உறிஞ்சி ஆவியாக வெளிவிடுகிறது. மீதமுள்ள 40 பங்கு மண்ணில் கசிந்தும் வடிகாலில் வழிந்தும் ஆற்றுக்கோ நிலத்தடிக்கோ திரும்புகிறது. கீழே உள்ள ஒருவர் அதை மீண்டும் எடுத்துப் பயன்படுத்துகிறார். இப்போது அந்த உழவர் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறுகிறார். இனி 70 பங்கு எடுத்தால் போதும். வயலில் நின்று பார்த்தால் 30 பங்கு மிச்சம். ஆனால் நீர் நேராக வேருக்குச் செல்வதால் பயிர் முன்பைவிடச் செழித்து 65 பங்கை உறிஞ்சுகிறது. ஆற்றுக்குத் திரும்புவது 5 பங்கு மட்டுமே. முன்பு ஆறு நிரந்தரமாக இழந்தது 60 பங்கு. இப்போது இழப்பது 65 பங்கு. 30 பங்கு மிச்சப்படுத்திய பிறகும் கடைமடைக்குப் போகும் நீர் 5 பங்கு குறைந்துவிட்டது. அந்த உழவர் மிச்சப்பட்ட 30 பங்கையும் எடுத்துப் புதிதாக நிலத்தைப் பயிருக்குக் கொண்டுவந்தால், நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் இவை காட்டும் போக்கு பல நாடுகளில் காணப்பட்டிருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் தீயது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உரச் செலவு குறையும், சத்து கசிவது குறையும், அதே நீருக்குக் கூடுதல் விளைச்சல் கிடைக்கும். திரும்பும் நீர் உவர்நிலத்திலோ கடலிலோ கலந்து வீணாகும் இடங்களில் உண்மையான மிச்சமும் உண்டு. ஆற்றுக்கு நீர் வேண்டும் என்றால் மட்டும், கருவியோடு சேர்த்து ஒரு வரம்பும் வேண்டும்; வடிநிலம் முழுவதற்கும் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற அளவை முதலில் வகுத்துவிட்டு, அதற்குள் சிக்கனத்தைத் தேட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் மரே-டார்லிங் வடிநிலம் அந்த வரம்பைத் துன்பப்பட்டுக் கற்றுக்கொண்டது. 1991ஆம் ஆண்டில் டார்லிங் ஆற்றில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு நீலப்பச்சைப்பாசி படர்ந்தது. 1995இல் நீர் எடுப்புக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். 2007இல் தேசிய அளவில் நீர்ச் சட்டம் இயற்றி, 2012இல் வடிநிலத் திட்டத்தை ஏற்றார்கள். பாசன உரிமைகளில் ஒரு பகுதியை அரசே விலை கொடுத்து வாங்கி, அந்த நீரை ஆற்றுக்கும் ஈரநிலங்களுக்கும் விட்டது. நீரை விற்ற ஊர்களில் வேலையும் வணிகமும் குறைந்துவிட்டதாகக் கசப்பும் எழுந்தது. அந்தக் கசப்பைப் பொருட்படுத்தாமல் இத்திட்டத்தை வெற்றி என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

வரம்பே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆரல் கடலைப் பார்க்கலாம். அமு தாரியா, சிர் தாரியா ஆகிய இரண்டு ஆறுகளின் நீரையும் 1960களிலிருந்து பருத்திக்கும் பிற பயிர்களுக்கும் திருப்பியதால், உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த அது சுருங்கிப் பிளந்தது. வெளிப்பட்ட தரையின் உப்புத் தூசி, நீரை எடுத்த வயல்கள்மீதே வந்து விழுந்தது. வடபகுதியைக் காக்க 2005இல் கோக்-ஆரல் அணை கட்டி முடிக்கப்பட்டபின், அந்தச் சிறு பகுதியில் மட்டும் நீர்மட்டம் உயர்ந்து, உப்பு குறைந்து, மீன்கள் திரும்பின.

உப்பு எங்கும் பாசனத்தின் நிழல் போன்றது. ஆற்றுநீரில் எப்போதும் சிறிது உப்பு உண்டு. பயிர் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. வடிகால் இல்லாத நிலத்தில் அது சேர்ந்துகொண்டே போய், கடைசியில் நிலம் உப்புப் பூத்துப்போகும். வடிகால் அமைத்தாலோ அந்த உப்பு ஆற்றில் இறங்கி அடுத்தவரின் பாசனநீரைக் கெடுக்கும். தன் நிலத்தின் சிக்கலைத் தீர்ப்பவர் அதைக் கீழே தள்ளிவிடாமல் இருக்கிறாரா என்பதை இங்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நெல் விளையும் வடிநிலங்களில் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்ற முறை பரவிவருகிறது. பக்கங்களில் துளையிட்ட குழாயொன்றை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மீண்டும் நீர் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலில் நீர் தேங்கி நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எப்போதும் நீர் நிற்கும் சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. இடையிடையே மண் காய்ந்து காற்று புகுந்தால் அது வெகுவாகக் குறைகிறது, பல இடங்களில் பாதியளவுக்கு. பாசன நீரும் 30 விழுக்காடு வரை குறையலாம். ஆயினும் அந்தக் குறைவில் எவ்வளவு ஆற்றுக்கு உண்மையான மிச்சம் என்பதை மேலே சொன்ன கணக்கை வைத்தே அறிய முடியும்.

செலவு யாருடையது?

வடிநில வேளாண்மையின் கடினமான முடிச்சு இங்கேதான் உள்ளது. ஓடைக்கரையில் பத்து வரிசைப் பயிரை விட்டுக்கொடுத்து மரம் வளர்ப்பவர் மேலே இருக்கிறார். தெளிந்த நீரைக் குடிப்பவர் கீழே இருக்கிறார். முன்னவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருப்பது நியாயமன்று. அதிலும், ஆண்டுக்காண்டு குத்தகை புதுப்பிக்கும் உழவரிடம், பத்து ஆண்டுகள் கழித்துப் பயன்தரும் மரத்தை நடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

நியூயார்க் நகரம் இதற்கு ஒரு வழி காட்டியது. கேட்ஸ்கில் மலைகளிலிருந்தும் டெலவேர் ஆற்றின் மேல்பகுதியிலிருந்தும் அந்நகரம் பெறும் நீரை வடிகட்டப் பல நூறு கோடி டாலரில் ஒரு நிலையம் கட்ட வேண்டிய நிலை வந்தபோது, அதற்குப் பதிலாக 1997இல் மேட்டுநிலத்து ஊர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. பண்ணைகளில் எருக்கிடங்கு அமைக்கவும், கால்நடைகள் ஓடைக்குள் இறங்காமல் வேலியிடவும், கரையோர மரப்பட்டைகளை வளர்க்கவும் நகரமே பணம் கொடுத்தது. சேர்வதா வேண்டாமா என்பதை உழவர்களின் விருப்பத்துக்கே விட்டார்கள். மிகப் பெரும்பாலானோர் சேர்ந்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தின் வழியே சென்றது. 1991ஆம் ஆண்டின் நைட்ரேட் ஆணை, மாசுபடும் ஆபத்துள்ள பகுதிகளில் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோவுக்கு மேல் தழைச்சத்தைக் கால்நடை எருவின் வழியாக இடக் கூடாது என்று வரம்பிட்டது. 2000ஆம் ஆண்டின் நீர்ச் சட்டகம், நாட்டெல்லைக்குப் பதிலாக வடிநிலத்தையே நிர்வாக அலகாகக் கொண்டது. என் கருத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்: பிறருக்குத் தெளிவான கேடு விளைவிப்பதைத் தடுக்கச் சட்டமும், அதற்கும் மேலாகப் பொதுநன்மை செய்பவருக்குப் பணமும்.

எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்வி எஞ்சுகிறது. இன்று ஆற்றில் அளக்கும் நைட்ரேட்டில் ஒரு பகுதி, பல ஆண்டுகளுக்கு முன், சில இடங்களில் பல பத்தாண்டுகளுக்கு முன், வயலிலிருந்து கிளம்பி நிலத்தடி நீரோடு மெல்ல நகர்ந்து வந்தது. மண்ணில் சேர்ந்த பாஸ்பரஸும் உரத்தைக் குறைத்த அடுத்த ஆண்டே தீர்ந்துவிடுவதில்லை. இதனால்தான் நல்ல திட்டங்கள்கூட முதல் ஐந்தாறு ஆண்டுகளில் பலனற்றவை போலத் தோன்றிக் கைவிடப்படுகின்றன. இதைத் தவிர்க்க, பேராற்றின் முகத்துவாரத்தில் மட்டும் அளக்காமல், வயலிலிருந்து நீர் வெளியேறும் வடிகாலிலும் அது சேரும் முதல் ஓடையிலும் அளக்க வேண்டும். மாற்றம் முதலில் அங்கேதான் தெரியும். பெரிய ஆற்றில் அது தெரிய இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகலாம் என்பதையும் அந்த அளவுகளைக் கொண்டே கணிக்க முடியும்.